எட்டுப் பேர் முன்னால் என்ன பேசுவது?

கேள்வி: மேடம், எனக்கு 38 வயது. கும்பகோணம் பக்கம் ஓர் அரசு உதவி பெறும் பள்ளியில் ஏழு, எட்டாம் வகுப்புகளுக்குக் கணக்கு எடுக்கிறேன். ஒன்றரை வருடமாகவே காலையில் கண் விழித்ததும் நெஞ்சு படபடக்கிறது. பஸ்ஸில் கூட்டமாக இருந்தால் மயக்கம் வரும்போல் ஆகிவிடும். பாதி வழியில் இறங்கியிருக்கிறேன். ஈசிஜி, எக்கோ, தைராய்டு எல்லாம் நார்மல். போகப் போக எதிலும் பிடிப்பில்லாமல் போய்விட்டது. சமையல், பிள்ளைகளின் படிப்பு எல்லாம் கடமைக்குத்தான். சில நாள் ராத்திரி படுக்கும்போது, காலையில் எழாமலே போனால் தேவலை என்று தோன்றும். மனநல மருத்துவர் எஸ்சிடலோபிராம் என்ற மனச்சோர்வு மாத்திரை கொடுத்து நான்கு மாதம் ஆகிறது. தூக்கம் பரவாயில்லை. இப்போது தஞ்சாவூரில் நடக்கும் ஒரு சிபிடி (எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றக் கற்றுக்கொடுக்கும் பேச்சுச் சிகிச்சை) குழுவில் சேரச் சொல்கிறார். எட்டுப் பேர், வாரம் ஒரு நாள், பத்து வாரம். என் கணவர், “நாலு பேர் முன்னால போய் குடும்ப விஷயத்தைப் பேசணுமா?” என்கிறார். எனக்கும் பயம்தான். தெரிந்த பெற்றோர் யாராவது அங்கே இருந்தால்? அடுத்தவர் கஷ்டத்தைக் கேட்டுக் கேட்டு எனக்கு இன்னும் மோசமானால்? தனியாகப் பார்க்க ஒரு தடவைக்கு 1,500 ரூபாய், குழுவில் 400 ரூபாய் என்கிறார்கள். விலை குறைவு என்றால் வைத்தியமும் அரைகுறைதானா?

— பெயர் வெளியிட விரும்பாத ஆசிரியை

பதில்: டீச்சர், குழுவைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், கடிதத்தின் நடுவில் போகிற போக்கில் நீங்கள் எழுதியிருக்கும் ஒரு வரியை எடுத்துக்கொள்கிறேன். “எழாமலே போனால் தேவலை.” இது உங்கள் மருத்துவருக்குத் தெரியுமா? தூக்கமில்லை, பசியில்லை என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டு இதை மட்டும் விழுங்கிவிடுகிறவர்கள் நிறையப் பேர். சொன்னால் அட்மிட் பண்ணிவிடுவார்கள், வீட்டில் ரகளை ஆகிவிடும் என்று பயம். மனச்சோர்வில் இந்த எண்ணம் வருவது அபூர்வமே இல்லை. மனச்சோர்வை அளக்க உலகம் முழுக்கப் பயன்படுத்தும் பிஎச்க்யூ-9 படிவத்தின் ஒன்பதாவது கேள்வியே இதைப் பற்றியதுதான். அதனால் அடுத்த செக்கப் வரட்டும் என்று காத்திருக்காமல், இந்த வாரமே போன் செய்தாவது மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அந்த எண்ணம் அடிக்கடி வந்தாலோ, எப்படி என்று யோசிக்கிற அளவுக்குப் போனாலோ, அன்றைக்கே வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். நடுராத்திரி என்றால் 14416-ஐக் கூப்பிடுங்கள். அரசின் டெலி-மானஸ் என்ற தொலைபேசி மனநல உதவிச் சேவை அது, 2022-இல் தொடங்கியது. கட்டணம் கிடையாது, தமிழில் பேசலாம். குழுவில் சேர்ப்பதற்கு முன் நடத்துபவரும் இதைக் கேட்பார். மறைக்காதீர்கள். எண்ணம் வந்ததற்காகவே யாரையும் திருப்பி அனுப்பமாட்டார்கள். எந்த அளவில் இருக்கிறது என்றுதான் பார்ப்பார்கள்.

சரி, இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். சேருங்கள் என்பதுதான் என் பதில். சேர்வதற்கு முன் விசாரிக்க வேண்டியவை சில உண்டு, அவற்றைப் பின்னால் சொல்கிறேன். முதலில் உங்கள் கணவருக்கு ஒரு வார்த்தை.

அவர் மனதில் ஓடும் காட்சி எனக்குத் தெரியும். வட்டமாக நாற்காலி போட்டு, ஒவ்வொருவராக எழுந்து மாமியார் கொடுமையையும் கடன் தொல்லையையும் சொல்லி அழ, மற்றவர்கள் உச்சுக்கொட்டுவது. மனம்விட்டுப் பேசுவதற்கென்றே நடக்கும் குழுக்களும் இருக்கின்றன, அவற்றுக்கும் பயன் உண்டு. ஆனால் சிபிடி குழு உங்கள் வகுப்பறைக்கு நெருக்கமானது. போர்டு இருக்கும், மார்க்கர் இருக்கும், அன்றைக்கு என்ன பார்க்கப் போகிறோம் என்று முதல் ஐந்து நிமிடத்தில் எழுதிப் போடுவார்கள். வீட்டுப்பாடம் உண்டு. அதைச் செய்யாமல் வருபவர்கள் சொல்லும் சாக்குகளும் உங்கள் பிள்ளைகள் சொல்வதைப் போலவே இருக்கும். குடும்ப விஷயம் அங்கே வருவதெல்லாம், “நேற்று சாயங்காலம் என் கணவர் பேசாமல் இருந்தார், அப்போது என் மனதில் என்ன ஓடியது?” என்கிற அளவுக்குத்தான். அவர் ஏன் பேசாமல் இருந்தார் என்பதை எட்டுப் பேர் உட்கார்ந்து அலசப் போவதில்லை. இதை அவரிடம் அப்படியே சொல்லிப் பாருங்கள்.

சிபிடி எதைக் கற்றுக்கொடுக்கிறது என்பதைக் கணக்கு டீச்சரான உங்களிடம் சொல்வது சுலபம். அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஆரன் பெக் என்ற மனநல மருத்துவர் 1960-களில் உருவாக்கிய முறை இது. உளப்பகுப்பாய்வை உருவாக்கிய பிராய்டின் வழியில் பயிற்சி பெற்றவர் அவர். மனச்சோர்வுள்ளவர்கள் பேசுவதைக் கவனமாகக் கேட்டபோது, அவர்களுக்குள் சட்சட்டென்று சில எண்ணங்கள் ஓடுவதைப் பார்த்தார். ‘நான் லாயக்கில்லாதவள்’, ‘யாரும் எனக்குத் துணையில்லை’, ‘இனி விடியாது’. தன்னைப் பற்றி, சுற்றியுள்ளவர்களைப் பற்றி, வரப்போகும் நாளைப் பற்றி என்று மூன்று பக்கமும் இருட்டு. யாரும் யோசித்து வரவழைக்கும் எண்ணங்கள் இல்லை இவை, தானாக வருபவை. வந்த வேகத்தில் உண்மை மாதிரியே உட்கார்ந்துவிடும். உங்கள் வகுப்பில் ஒரு பையன் வழிமுறை எதுவும் எழுதாமல் விடையை மட்டும் எழுதினால் என்ன செய்வீர்கள்? “ஸ்டெப்ஸ் எங்கே?” என்று கேட்பீர்கள் இல்லையா? பதற்றமும் சோர்வும் பிடித்த மனம் விடையை மட்டும் எழுதும் மனம். சிபிடி அதனிடம் ஸ்டெப்ஸ் கேட்கிறது. போட்டுப் பார்த்தால் சில சமயம் விடை சரியாகவே இருக்கலாம், அதையும் மறைப்பதில்லை. ‘நல்லதையே நினை’ என்கிற பாசிட்டிவ் திங்கிங் வேறு, இது வேறு. வாட்ஸாப்பில் தினமும் வரும் அந்தப் பொன்மொழிகளுக்கும் எங்களுக்கும் சம்பந்தம் இல்லை.

தனியாக ஒரு நிபுணரோடு உட்கார்ந்தாலும் இதைத்தானே செய்யப் போகிறோம், குழு எதற்கு என்பீர்கள். நான் நடத்திய குழு ஒன்றில் ஒரு செஷனில் நடந்ததைச் சொல்கிறேன். ஆட்கள் அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

ஜவுளிக்கடை கேஷியர் ஒருவர், ஐம்பதை ஒட்டிய வயது. நான்காவது வாரம். போன வாரத்தில் மனதைக் கலக்கிய ஒரு சம்பவத்தை எழுதி வரச் சொல்லியிருந்தோம். அவர் படித்தார்: “முதலாளி கடைக்குள்ள வந்தார். என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போய்ட்டார். கணக்குல ஏதோ தப்பு பிடிச்சிட்டார். தீபாவளி முடிஞ்சதும் என்னை நிறுத்திடுவார்.” போர்டில் கட்டம் போட்டோம். நடந்தது என்ன? முதலாளி பேசாமல் போனார், அவ்வளவுதான். மனதில் ஓடியது? வேலை போய்விடும். அதை நூற்றுக்கு எவ்வளவு நம்பினீர்கள்? 90. உடம்பு என்ன செய்தது? கை வியர்த்தது, மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை. நீங்கள் என்ன செய்தீர்கள்? அன்றைய பில்களை மூன்று முறை கூட்டிப் பார்த்தேன். சரி, வேலை போகும் என்பதற்கு என்ன ஆதாரம்? “அதான் பேசலையே மேடம்.” எதிரான ஆதாரம் ஏதாவது? மனிதர் மேலே ஃபேனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அதுவரை எந்த செஷனிலும் தானாக வாயைத் திறக்காத ஒரு கல்லூரிப் பெண், “அங்கிள், அன்னைக்கு அவர் வேற யார்கிட்டயாவது பேசினாரா?” என்று கேட்டாள்.

அவர் யோசித்தார். “இல்லம்மா. காதுல போனோட வந்தார், போனோடயே உள்ள போனார்.” சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. 90 என்பதை 35 என்று திருத்தினார். சைபர் ஆகவில்லை, ஆகவும் வேண்டாம். கடை வியாபாரம் நிஜமாகவே டல்லாகத்தான் இருந்தது.

அடுத்து நடந்ததுதான் முக்கியம். அந்தப் பெண் தன் நோட்டை எடுத்தாள். தோழிக்கு மெசேஜ் அனுப்பினாளாம். இரண்டு நீல டிக் விழுந்தும் பதில் இல்லையாம். ‘அவளுக்கு என்னைப் பிடிக்காமல் போச்சு’ என்று எழுதி, பக்கத்தில் 100 என்று போட்டிருந்தாள். “அங்கிளுக்குச் சொன்னதை எனக்கு நானே சொல்லிக்க முடியலையே மேடம்” என்றாள். கேஷியர் மெதுவாகக் கேட்டார்: “அந்தப் பொண்ணுக்குப் பரீட்சை ஏதாச்சும் நடக்குதாம்மா?”

இதே கேள்விகளை நானும் கேட்டிருக்க முடியும். என்னிடமிருந்து வந்தால், “ஆறுதல் சொல்வது இவங்க தொழில்” என்று ஒரு ஓரத்தில் தோன்றும். அதே பயத்தில் வெந்துகொண்டிருக்கும் இன்னொருவர் கேட்கும்போது அதன் எடையே வேறு. அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. நம் தலைக்குள் ஓடும் அதே வாக்கியத்தை முன்பின் தெரியாத ஒருவர் வாயிலிருந்து கேட்கும்போது, அது வெறும் எண்ணம்தான் என்பது பளிச்சென்று தெரிந்துவிடுகிறது. தனி அறையில் அதைப் புரியவைக்க எனக்கு வாரக்கணக்கில் ஆகும். எனக்கு மட்டும்தான் இப்படி என்ற நினைப்பும் அப்படித்தான் உடைகிறது. ‘கேட்டுக் கேட்டு மோசமாகிவிட்டால்’ என்ற உங்கள் பயத்துக்கும் இதில் பாதி பதில் இருக்கிறது. மீதிப் பாதி நடத்துபவரின் கையில். யாராவது ஒருவர் சோகக் கதையை நீட்டிக்கொண்டே போனால், மரியாதையாக இடைமறித்து, “இதில் அந்த ஒரு நிமிடத்தை மட்டும் எடுத்துக்கொள்வோமா?” என்று போர்டுக்கு இழுத்து வருவது அவர் வேலை. அதைச் செய்யாத குழுவில் உங்கள் பயம் பலிக்கத்தான் செய்யும். அழுகை வந்தால் அழுங்கள். யாரோ தண்ணீர் பாட்டிலை நகர்த்துவார்கள், இரண்டு நிமிடத்தில் வேலை தொடரும்.

உங்களுக்கு இரண்டு பிரச்சினைகள் சேர்ந்து இருக்கின்றன. பஸ் பயம் ஒன்று, பிடிப்பின்மை ஒன்று. இரண்டுக்கும் குழுவில் வேறு வேறு வேலை நடக்கும்.

பிடிப்பின்மையில் மனம் சொல்லும் தந்திரம் இது: ‘மனசு சரியாகட்டும், அப்புறம் செய்யலாம்.’ அந்த அப்புறம் வருவதே இல்லை. செய்யாமல் விட விட மனம் இன்னும் கீழே போகும். அதனால் தலைகீழாகத் தொடங்குவோம். ஒரு வாரத்துக்கு மணிக்கு மணி என்ன செய்தீர்கள், அப்போது மனநிலைக்குப் பத்துக்கு எத்தனை என்று எழுதச் சொல்வார்கள். நாள் முழுக்க ஒன்றும் இரண்டுமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு எழுதுவீர்கள். மாடித் தொட்டிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிய பத்து நிமிடத்துக்கு எதிரே நான்கு இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு அடுத்த வாரத்துக்குச் சின்னச் சின்னதாகத் திட்டம் போடுவோம். மனசு வந்தாலும் வராவிட்டாலும் செவ்வாய்க்கிழமை ஆறு மணிக்குச் செய்வது என்று எழுதி, எட்டுப் பேர் முன்னால் படிக்க வேண்டும். நமக்கு நாமே கொடுத்த வாக்கை மீறுவது சுலபம், அடுத்த வாரம் ஏழு பேர் “செய்தீங்களா டீச்சர்?” என்று கேட்பார்கள் என்றால் கால் தானாக நகரும். ஓரிகான் பல்கலைக்கழகத்தில் பீட்டர் லெவின்சோன் என்ற உளவியலாளர் இதை ஒரு பாடத்திட்டமாகவே அமைத்தார். நோயாளிகள் மாணவர்களாக உட்கார்ந்து படிக்கும் 12 வகுப்புகள். நம் நாட்டில் கோவாவின் ஆரம்பச் சுகாதார நிலையங்களில் மருத்துவப் படிப்பு எதுவும் இல்லாத உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, கடுமையான மனச்சோர்வு உள்ளவர்களோடு ஒவ்வொருவராக இதே மாதிரி வேலை செய்ய வைத்தார்கள். பலன் இருந்தது என்று 2017-இல் லான்செட் மருத்துவ இதழ் வெளியிட்டது.

பஸ் பயத்துக்கு வருவோம். இதில் குழு கொஞ்சம் வேடிக்கையாகவே இருக்கும். உங்களுக்கு பஸ்ஸைவிட அதிகப் பயம் உங்கள் படபடப்பின் மேல்தான். நெஞ்சு அடித்தால் மயங்கி விழுந்துவிடுவோம் என்று நினைத்து இறங்கிவிடுகிறீர்கள். இறங்கியதும் நிம்மதி. ‘இறங்கியதால்தான் பிழைத்தேன்’ என்று மனம் பாடம் படித்துக்கொள்கிறது. இறங்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பார்க்க அது வாய்ப்பே கொடுப்பதில்லை. அதனால் அந்தப் படபடப்பை அறையிலேயே வேண்டுமென்று வரவழைப்போம். ஒரு நிமிடம் வேகவேகமாக மூச்சு விடுவது, நின்ற இடத்திலேயே ஓடுவது, சுழலும் நாற்காலியில் சுற்றுவது, மூக்கைப் பிடித்துக்கொண்டு ஜூஸ் ஸ்ட்ரா வழியாக மட்டும் மூச்சு விடுவது. எட்டுப் பெரியவர்கள் வாயில் ஸ்ட்ராவோடு உட்கார்ந்திருப்பதைக் கற்பனை செய்து பாருங்கள். முடிந்ததும் ஒவ்வொருவரும் சொல்வார்கள்: “தலை சுத்துச்சு, கை மரத்துச்சு, பஸ்ல வர்ற அதே மாதிரிதான்.” மூன்று நிமிடத்தில் தானாக அடங்குவதையும் பார்ப்பார்கள். இதய நோய், ஆஸ்துமா, வலிப்பு, கர்ப்பம் இருப்பவர்களுக்கு இது கூடாது, முன்னாலேயே கேட்டுவிடுவார்கள். உங்கள் ரிப்போர்ட் எல்லாம் நார்மல் என்பதால் கவலை இல்லை, ஆனாலும் கையோடு எடுத்துப்போங்கள். அதன் பிறகுதான் பஸ். முதலில் கூட்டமில்லாத நேரம் இரண்டு ஸ்டாப், பிறகு நான்கு, பிறகு காலை எட்டு மணி பஸ். தண்ணீர் பாட்டிலைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வது, இறங்கும் வழிக்குப் பக்கத்திலேயே நிற்பது, ஏறியதும் கணவருக்குப் போன் போடுவது போன்ற ரகசியப் பாதுகாப்புகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றச் சொல்வார்கள். இதில் எதையெல்லாம் நீங்கள் செய்கிறீர்கள் என்பது உங்களுக்கே தெரியாமல் இருக்கும். பக்கத்து நாற்காலிக்காரர் தன்னுடையதைச் சொல்லும்போதுதான் “அட, நானும்” என்று வரும்.

இப்போது 400 ரூபாய் விஷயம். விலை குறைவாக இருப்பது ஒரு மணி நேரத்தை எட்டுப் பேர் பங்கு போட்டுக்கொள்வதால். மருந்தில் தண்ணீர் கலந்ததால் இல்லை. குழுச் சிகிச்சை பிறந்ததே காசில்லாதவர்களுக்காகத்தான். 1905-இல் பாஸ்டன் நகரில் ஜோசப் பிராட் என்ற மருத்துவர், சானடோரியத்தில் தங்கும் வசதியில்லாத ஏழைக் காசநோயாளிகளை வாரம் ஒருமுறை கூட்டி வகுப்பு நடத்தினார். ஆளுக்கொரு நோட்டு கொடுத்து, அன்றாடம் எழுதி வரச் சொன்னார். ஒருவரையொருவர் பார்த்து அவர்களுக்குத் தெம்பு வருவதைக் கவனித்தார். இன்றைக்கும் குழுச் சிகிச்சையின் வரலாறு அந்த வகுப்பிலிருந்துதான் தொடங்குகிறது.

பலன் விஷயத்தில், இங்கிலாந்தில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2022-இல் வெளியிட்ட மனச்சோர்வு வழிகாட்டுதல் எனக்கு நியாயமாகப் படுகிறது. அதிகத் தீவிரமில்லாத மனச்சோர்வுக்குத் தரலாம் என்று அவர்கள் போட்டிருக்கும் சிகிச்சைப் பட்டியலில் குழு சிபிடி தனிநபர் சிபிடிக்கும் மேலே, மாத்திரைகளுக்கும் மேலே இருக்கிறது. வழக்கமாக எட்டுப் பேர், நடத்த இரண்டு பேர் என்றும் சொல்கிறார்கள். தீவிரமான மனச்சோர்வுக்கு வேறு வரிசை. அங்கே தனிநபர் சிபிடியும் மாத்திரையும் சேர்ந்து முதலில் வருகின்றன. இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். நாலு பேர் தன்னைப் பார்த்தாலே நடுங்கும் சமூகப் பதற்றத்துக்கு, அதே அமைப்பு தனிநபர் சிபிடியைத்தான் முதலில் கொடுக்கச் சொல்கிறது. எல்லாருக்கும் எல்லாமும் பொருந்தாது. தினமும் நாற்பது பிள்ளைகள் முன்னால் நின்று பேசும் உங்களுக்கு அந்தப் பிரச்சினை இருப்பதாகக் கடிதத்திலிருந்து தெரியவில்லை. பித்து நிலையும் சோர்வும் மாறி மாறி வரும் பைபோலார், காதில் குரல் கேட்பது, கட்டுக்குள் வராத குடி, சமீபத்தில் நடந்த வன்முறையின் அதிர்ச்சி ஆகியவை இருப்பவர்களுக்கும் இந்தப் பொதுக் குழு உகந்ததல்ல. அவற்றுக்கு வேறு ஏற்பாடு தேவை.

நம் ஊர் நிலைமையையும் பார்க்க வேண்டும். பெங்களூரின் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் 2015-16-இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வில், பெரியவர்களில் நூற்றுக்குப் பத்துக்கும் மேற்பட்டோருக்கு ஏதாவதொரு மனநலப் பிரச்சினை இருந்தது. அவர்களில் பெரும்பாலோருக்குச் சிகிச்சை எதுவும் கிடைக்கவில்லை. இவ்வளவு பேரையும் ஒருவர் ஒருவராக அறைக்குள் கூப்பிட்டுப் பார்க்க எங்களைப் போன்றவர்கள் போதாது. சென்னையில் இருந்தால் தனிநபர் சிபிடிக்கு நாலு இடம் சொல்லலாம். டெல்டா பக்கம் ஒழுங்காக நடக்கும் ஒரு குழு கிடைப்பதே அதிர்ஷ்டம்தான்.

ரகசியம் பற்றிக் கேட்டீர்கள். நடத்துபவர் 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர். உயிருக்கு ஆபத்து போன்ற, சட்டமே சொல்லும் சில சூழல்களைத் தவிர, உங்கள் விவரத்தை வெளியே சொல்ல அவருக்கு உரிமை இல்லை. கூட உட்காரும் ஏழு பேர் விஷயம் வேறு. அவர்களைக் கட்டுவது அவர்கள் கொடுக்கும் வாக்குத்தான். முதல் நாளே எல்லாரும் கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொள்வார்கள், பெரும்பாலும் மீற மாட்டார்கள். நூற்றுக்கு நூறு உத்தரவாதம் என்று நான் சொன்னால் அது பொய். அதனால் உங்கள் பக்கத்திலிருந்து சில ஏற்பாடுகள் செய்துகொள்ளுங்கள். குழு தஞ்சாவூரில் என்பது நல்லதாகப் போயிற்று, உங்கள் பள்ளி வட்டாரத்திலிருந்து நாற்பது கிலோமீட்டர் தள்ளி. இன்ன பள்ளி, இன்ன ஊர் என்று நடத்துபவரிடம் முன்கூட்டியே சொல்லி, தெரிந்தவர்கள் இருந்தால் அடுத்த குழுவில் போடச் சொல்லுங்கள். குழுவில் பெயர் மட்டும் போதும். பள்ளியின் பெயரும் சொல்ல வேண்டாம், கணவரின் பெயரும் சொல்ல வேண்டாம். வெளியே தற்செயலாகப் பார்த்துக்கொண்டால் வணக்கம் சொல்வதா, தெரியாதவர்போல் போவதா என்பதையும் முதல் நாளே பேசி முடிவெடுப்பார்கள். அப்புறம், யாராவது ஆர்வத்தில் வாட்ஸாப் குரூப் தொடங்கினால் சேராதீர்கள். பாதி ரகசியங்கள் கசிவது அங்கேதான்.

சேர்வதற்கு முன் நடத்துபவரை ஒருமுறை தனியாகச் சந்தியுங்கள். ஒழுங்கான குழு என்றால் அவர்களே உங்களை அழைத்து முக்கால் மணி நேரமாவது பேசுவார்கள். பணத்தைக் கட்டிவிட்டு நேராக முதல் செஷனுக்கு வாருங்கள் என்று சொல்லும் இடத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. நடத்துபவர் என்ன படித்திருக்கிறார், ஆர்சிஐ எனப்படும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் மருத்துவ உளவியலாளராகப் பதிவு செய்திருக்கிறாரா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். இப்போது ஆறு மாத ஆன்லைன் சான்றிதழை மாட்டிக்கொண்டு சிபிடி என்று போர்டு வைப்பவர்கள் பெருகிவிட்டார்கள். தொடங்கியபின் நடுவில் புது ஆட்களைச் சேர்ப்பார்களா என்று கேளுங்கள். சேர்க்காத மூடிய குழுதான் உங்களுக்கு நல்லது. வீட்டுப்பாடம் உண்டா, ஒவ்வொரு வாரமும் பிஎச்க்யூ-9 மாதிரி ஏதாவது படிவத்தில் மதிப்பெண் பார்க்கிறார்களா என்பதையும் கேளுங்கள். இரண்டுக்கும் இல்லை என்றால், பெயர்தான் சிபிடி. நான்கைந்து வாரம் கழித்தும் உங்கள் மதிப்பெண் குறையவே இல்லையென்றால் என்ன செய்வார்கள் என்றும் கேட்டு வையுங்கள். தனிச் செஷனுக்கு மாற்றுவோம், மருத்துவரிடம் பேசுவோம் என்று பதில் வர வேண்டும்.

மாத்திரையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்லாமல் விட முடியாது. குழுவில் மூன்றாவது வாரம் மனசு லேசானதும் முதலில் கைவைப்பது மாத்திரை அட்டையில்தான். எஸ்சிடலோபிராமை நீங்களாக நிறுத்தக் கூடாது. திடீரென்று விட்டால் தலைசுற்றல், எரிச்சல், உடம்பில் மின்சாரம் பாய்வதுபோல் எல்லாம் வரும். அதைப் பார்த்து நோய் திரும்பிவிட்டது என்று பயந்துவிடுவீர்கள். நன்றாகத் தேறிய பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடரச் சொல்வது வழக்கம். எப்போது, எப்படிக் குறைப்பது என்பது உங்கள் மருத்துவரின் முடிவு.

இன்னும் ஒரே விஷயம். இரண்டாவது, மூன்றாவது வாரம் உங்களுக்கு விட்டுவிடலாம் என்று தோன்றும். வீட்டுப்பாடம் தொடங்கும் நேரம் அது. எண்ணங்களைப் பிடித்து எழுத ஆரம்பித்ததும், முன்பு மங்கலாக இருந்ததெல்லாம் எழுத்தில் வந்து நிற்கும். சில நாள் கனமாக இருக்கும். அந்த வாரம் போகாமல் இருக்கக் காரணங்களும் அருமையாக அமையும், விருந்தாளி வருவார்கள், தலைவலி வரும். போய்விடுங்கள். வீட்டுப்பாடம் செய்யாவிட்டாலும் போங்கள். ஏன் செய்ய முடியவில்லை என்பதே அன்றைய போர்டுக்கு நல்ல விஷயம். நான்காவது செஷனைத் தாண்டியவர்கள் பெரும்பாலும் கடைசிவரை வந்துவிடுகிறார்கள், நான் பார்த்தவரை.

சேர்வதற்கு முன் பள்ளி நாள்காட்டியை எடுத்துப் பாருங்கள். பத்து வாரத்துக்குள் அரையாண்டுத் தேர்வும் விடைத்தாள் திருத்தமும் வந்து, இரண்டு செஷனுக்கு மேல் தவறும் என்றால், பொங்கலுக்குப் பிறகு தொடங்கும் குழு இருக்கிறதா என்று கேட்டு அதில் பெயர் கொடுங்கள். இல்லையென்றால் இந்தக் குழுவிலேயே சேர்ந்து, அந்தக் கிழமை மட்டும் சாயங்கால ஸ்பெஷல் கிளாஸைச் சக ஆசிரியர் யாரிடமாவது மாற்றிக்கொள்ள முடியுமா என்று தலைமை ஆசிரியரிடம் பேசுங்கள். காரணம் கேட்டால் ‘மருத்துவமனைக்குப் போக வேண்டும்’ என்றால் போதும்.